பரவாயில்லை என்று சொல்லாத நோட்டு

நேற்று மத்தியானம் பழைய நோட்டுகளையெல்லாம் எடுத்து மேசைமேல் அடுக்கினேன். மொத்தம் ஒன்பது. முதல் நோட்டின் அட்டை கிழிந்து, மகள் ஒட்டிக் கொடுத்த டேப்பும் மஞ்சள் பூத்துவிட்டது. முதல் பக்கத்தில் 2018 ஜனவரி 17 என்று தேதி. அதற்குக் கீழே நான்கே வரி. ஹீமோகுளோபின் 8.4. கிரியாட்டினின் 1.3. கால்சியம் 10.1. எம் புரதம் 3.9.

அன்றைக்கு இதில் கடைசி வரிக்கு எனக்கு அர்த்தமே தெரியாது. இருபத்தொன்பது வருஷம் கணக்கெழுதியவன் நான். விளங்காத தொகை ஒன்று வந்தால் முதலில் பதிந்து வைத்துவிடுவேன், எந்தத் தலைப்பில் போய்ச் சேர வேண்டியது என்று அப்புறம் தேடுவேன். அன்றும் கை அதைத்தான் செய்தது. மனசு வேறெங்கோ இருந்தது.

எனக்கு வந்திருப்பது மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்று ஒரு வகை உண்டு. நோய்க் கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைச் செய்து தருவது அவற்றின் வேலை. அதில் ஒரே ஒரு செல் தடம் புரண்டு, தன்னைப் போலவே ஆயிரமாயிரமாகப் பெருகி, எதற்கும் உதவாத ஒரே புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருந்தால் அதுதான் மைலோமா. அந்த உதவாத புரதத்துக்குத்தான் எம் புரதம் என்று பெயர். ரத்தத்திலுள்ள புரதங்களை மின்சாரம் வைத்துப் பிரித்து வரைபடமாகத் தருவார்கள். நல்ல உடம்பில் அந்தப் படத்தின் கடைசி மேடு தாழ்வாக, அகலமாக இருக்கும். என் படத்தில் அந்த இடத்தில் ஒரு கம்பம் நட்டது போல நெட்டுக்குத்தாக நின்றது. கால்சியம், சிறுநீரகம் (கிரியாட்டினின் காட்டுவது இதைத்தான்), ரத்தசோகை, எலும்பு. இந்த நோய் முக்கியமாகக் கை வைக்கிற இடங்கள் இந்த நான்கும். முதுகு வலி என்று போன இடத்தில்தான் எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது.

இந்த நோயை அடக்கி வைக்கலாம், வருஷக்கணக்கில் கூட. ஆனால் வைத்தியம் முடிந்தது, போய் வாருங்கள் என்று சொல்கிற நாள் பெரும்பாலும் வருவதில்லை. மருந்து, பரிசோதனை, மருந்து, பரிசோதனை என்றுதான் ஓடும். இப்படிப்பட்ட ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நோட்டு போடுங்கள் என்று சொல்லத்தான். எதை எழுதுவது, எதை விடுவது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் இரண்டு மாதம் ரிப்போர்ட்டில் வந்த எண்களை மட்டும்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போர்டிசோமிப் ஊசி, லெனாலிடோமைடு மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த வைத்தியம். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் டாக்டர் கேட்பார், "எப்படி இருக்கீங்க?" நான் சொல்வேன், "பரவாயில்ல டாக்டர்."

இந்தச் சொல்லைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். பொய் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. அந்த நாற்காலியில் உட்காரும்போது, வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருக்கிறார்கள் என்பது தெரியும். நம்மைவிட முடியாதவர்களைத் தாண்டித்தான் உள்ளே வந்திருப்போம். கால் விரல் மரத்துப்போகிறது என்று சொல்ல வாய் வராது. இன்னொன்று, போன வாரம் புதன்கிழமை எப்படி இருந்தது என்பது உண்மையாகவே மறந்துபோயிருக்கும். ஸ்டீராய்டு போட்ட அன்று இரவு முழுக்கக் கொட்டக் கொட்ட விழிப்பு, மூன்றாம் நாள் துவண்டு விழுதல். இந்த ஏற்ற இறக்கத்தில் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நினைவில் நிற்பது டாக்டரைப் பார்க்கிற அன்றைய காலை மட்டும். அன்று பெரும்பாலும் பரவாயில்லாமல்தான் இருக்கும், ஏனென்றால் அது மருந்தில்லாத வாரத்தின் கடைசி நாள்.

சட்டைப் பொத்தான்தான் எனக்கு வழி காட்டியது.

மார்ச் கடைசியில் ஒரு காலை, சட்டையின் மேலிருந்து மூன்றாவது பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. விரல் நுனியில் பொத்தான் இருக்கிறதா, துணி இருக்கிறதா என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. இரவில் போர்வை கால் விரலில் உரசினால் சுரீரென்றது. தரையில் நடந்தால் மணல்மேல் நடப்பது போல் இருந்தது. போர்டிசோமிப் நரம்பு நுனிகளைப் பாதிக்கும் என்று முதல் நாளே நர்ஸ் ஒருவர் எச்சரித்திருந்தார். ஆனால் எவ்வளவு ஆனால் சொல்ல வேண்டும், எது சகஜம், எது அதிகம்? அதற்கு ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாதே.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஏழு பொத்தானையும் போட எத்தனை நொடி ஆகிறது என்று கைபேசியில் பார்த்து எழுத ஆரம்பித்தேன். அதே சட்டை, அதே நேரம், கண்ணை மூடிக்கொண்டு. முதல் நாள் 38 நொடி. ஒரு வாரத்தில் 44. மருந்தில்லாத வாரத்தில் 41க்கு இறங்கியது. அடுத்த ஊசிக்குப் பிறகு 52. அதற்கடுத்து 67. ஏப்ரல் 19 அன்று ஐந்தாவது பொத்தானோடு நிறுத்திவிட்டேன், அதற்குமேல் முடியவில்லை.

அடுத்த முறை டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றபோது வாயில் அதே சொல் வந்துவிட்டது. சொல்லிக்கொண்டே நோட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரலை வைத்துக் கோடு கோடாகக் கீழே இறங்கினார். ஊசி போட்ட தேதிகளைத் தன் கணினியில் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். என் காலணியைக் கழற்றச் சொல்லி விரல்களைத் தொட்டுப் பார்த்தார். வாரம் இரண்டு ஊசி என்றிருந்தது அன்றே வாரம் ஒன்றாக மாறியது, அளவும் குறைந்தது. ஆறு மாதத்தில் கைவிரல்கள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்தன. கால் விரல்கள் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இன்னும் இரண்டு சுற்று பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டு போயிருந்தால் கையும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும்.

நான் செய்தது புதுசு ஒன்றும் இல்லை என்று பின்னால் தெரிந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈத்தன் பாஷ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பில் பரவிவிட்ட புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்கள் தங்கள் உபாதைகளை, வலி, குமட்டல், மூச்சிரைப்பு, களைப்பு என்று பன்னிரண்டை, கணினி வழியாகத் தாங்களே பதிந்தார்கள். ஏதாவது ஒன்று மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். 2017இல் வெளியான முடிவின்படி வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் 26 மாதத்துக்குமேல் உயிரோடு இருந்தார்கள். தாங்களே பதிந்தவர்களில் பாதிப்பேர் 31.2 மாதத்துக்குமேல். புது மருந்து எதுவும் கொடுக்கவில்லை. கேட்டார்கள், இவர்கள் எழுதினார்கள், அதை ஒருவர் படித்தார். அந்தக் கட்டுரையை மகள் எனக்கு வாசித்துக் காட்டியபோது, அந்த ஐந்து மாதத்தை நினைத்து வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

படிப்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எழுதிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பிரயோஜனமில்லை. நான் ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்னால் ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கி எடுத்துப் போகிறேன். மாறியது மூன்று வரி, மாறாதது ஒரு வரி, கேள்வி இரண்டு. முழு நோட்டை நீட்டினால் எந்த டாக்டருக்கும் நேரம் இருக்காது, அவரைக் குறை சொல்வதற்கும் இல்லை.

இனி காய்ச்சல் விஷயம். கீமோவில் இருப்பவர்களுக்கு 38 டிகிரி தாண்டினால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அது வேதவாக்குதான். ஆனால் ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். இரண்டாவது சுற்றில் ஒரு சாயங்காலம் லேசான குளிர். வெப்பமானி 37.4 காட்டியது. காய்ச்சல் இல்லை என்று படுத்துவிட்டேன். மனைவிதான் நாடி பார்த்து நோட்டில் எழுதுபவர். ஓய்வில் 72, 74 என்று அதுவரை ஓடிய வரிசையில் அன்று 106. அவர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்னங்க, இது சரியில்ல, கிளம்புங்க" என்றார். நுரையீரலில் நிமோனியா தொடங்கியிருந்தது. வெப்பத்தை மட்டும் நம்பியிருந்தால் விடியும்வரை காத்திருந்திருப்பேன். அதனால் சொல்கிறேன், உங்கள் உடம்புக்கு எது வழக்கமான எண் என்று நல்ல நாட்களிலேயே குறித்து வையுங்கள். கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். அப்படியே எண் சரியாக இருந்து உடம்பு சரியில்லை என்று பட்டாலும் கூப்பிட்டுவிடுங்கள். நடுக்கத்தோடு படுத்துக்கொண்டு 38 வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டாம்.

மூன்றாவது நோட்டின் நடுவில் பத்தொன்பது பக்கம் என் கையெழுத்தே இல்லை. அது 2018 ஆகஸ்ட், தண்டு உயிரணு மாற்று நடந்த சமயம். மெல்ஃபலான் என்கிற மருந்தை அதிக அளவில் ஏற்றி மஜ்ஜையைத் துடைத்துவிட்டு, முன்பே என்னிடமிருந்து எடுத்து உறைய வைத்திருந்த என் செல்களைத் திரும்ப ஏற்றினார்கள். ஏற்றுகிற நாள் பூஜ்யம். அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போவார்கள். ஐந்தாம் நாள் வெள்ளணுக்கள் 100க்கு வந்தன. எனக்குப் பேனா பிடிக்கக்கூட முடியவில்லை, வாயெல்லாம் புண். மனைவி எழுதினார்.

நியூட்ரோஃபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. அதன் கணக்கை அவருக்கு நர்ஸ்தான் சொல்லிக் கொடுத்தார். மொத்த வெள்ளணுக்களை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்க வேண்டும். அது 500ஐத் தாண்டி, தொடர்ந்து மூன்று நாள் அப்படியே நின்றால் புது மஜ்ஜை வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டாம் நாள் பக்கத்தில் அவர் பெருக்கல் போட்டிருக்கிறார்: 1,200 பெருக்கல் 45 சதவீதம், 540. அந்த 540ஐச் சுற்றி மூன்று வட்டம். பேனா அழுந்திக் காகிதம் பின்பக்கம் புடைத்திருக்கிறது. நேற்று அதை விரலால் தடவிப் பார்த்தேன். கை நரம்பு சரியானது இதற்கும் உதவியிருக்கிறது, அந்தப் புடைப்பு எனக்குத் தெரிந்தது.

ஆனால் அந்தப் பக்கங்களில் எண்களைவிட மற்றவைதான் அதிகம். "இரவு 2 மணி. ஏதோ பேசினார். யாரிடம் என்று தெரியவில்லை." "தண்ணீர் நான்கு வாய். ஐந்தாவதுக்குத் தலையாட்டிவிட்டார்." "இன்று ஜன்னலைத் திறக்கச் சொன்னார்." இதில் எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை. என் வாழ்க்கையில் பத்தொன்பது நாள் அவருடைய கையெழுத்தில் மட்டும்தான் இருக்கிறது.

கணக்குப் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும், யாருக்காவது ஒரு ராத்திரி தூக்கம் மிச்சமாகும். 2020இல் வழக்கமான ஆய்வகம் சில வாரம் மூடியிருந்ததால் வேறொன்றில் ரத்தம் கொடுத்தோம். மைலோமாவுக்கு எம் புரதம் போக, எதிர்ப்புப் புரதத்தின் சிறு பகுதிகளான லேசான சங்கிலிகள் என்று இரண்டு பார்ப்பார்கள், கப்பா, லாம்டா. என் கப்பா முந்தைய முறை 1.78. புது ரிப்போர்ட்டில் 18.4. பத்து மடங்கு! ரிப்போர்ட் கைபேசியில் வந்தது வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு. டாக்டரைத் திங்கட்கிழமைதான் பிடிக்க முடியும். முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகள் தற்செயலாக நோட்டைப் பார்த்துவிட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, லாம்டாவும் பத்து மடங்கு ஏறியிருக்கே. விகிதம் மாறவே இல்லையே" என்றாள். முன்பு 1.78க்கு 1.37, விகிதம் 1.3. இப்போது 18.4க்கு 13.9, அதுவும் 1.3. விகிதம் 0.26க்கும் 1.65க்கும் நடுவில் இருந்தால் சரி என்பது நோட்டின் அட்டையிலேயே என் கையால் எழுதியிருந்தது. பழைய ஆய்வகம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொடுத்தது, இது லிட்டருக்கு இத்தனை என்று கொடுத்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும் ஆய்வகத்தையும் எழுதாமல் நான் எதையும் பதிவதில்லை. கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில்தான் கொடுக்கிறேன். ஒரே அலகாக இருந்தாலும், வேறு வேறு கருவிகளில் பார்த்த லேசான சங்கிலி எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது என்று டாக்டரும் பிறகு சொன்னார்.

எண்கள் ஆடும் என்பதையும் பழகிக்கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் 11.2 இருந்து 10.8 ஆனால் அதில் செய்தி எதுவும் இல்லாமல் இருக்கலாம். முந்தின நாள் தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை என்றால் கிரியாட்டினின் 0.9 இருந்து 1.1க்குப் போய்விட்டு வரும். மூன்று புள்ளி ஒரே திசையில் போனால் நிமிர்ந்து உட்காருவேன். ஒரு புள்ளிக்கு இப்போதெல்லாம் பதறுவதில்லை, பதறக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நிறையவற்றை விட்டுவிட்டேன். ஒரு சமயம் நோட்டில் இருபத்துமூன்று தலைப்பு. தினமும் எடை, காலடி எண்ணிக்கை, தூக்கம் எத்தனை நிமிஷம், மனநிலைக்கு மதிப்பெண். எடையை வாரத்துக்கு ஒருமுறை ஆக்கினேன். மனநிலைக்கு மதிப்பெண் போடுவதை அடியோடு நிறுத்தினேன். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு நாளை நிறுத்தி, இதற்கு ஏழா எட்டா என்று கேட்டுக்கொண்டு நின்றால் அந்த நாளே கெட்டுவிடுகிறது. 2021இல் நான்கு மாதம் எதுவுமே எழுதவில்லை. அலுத்துவிட்டது. அந்த வெற்றுப் பக்கங்களை இப்போது பார்த்தால் எனக்கு வருத்தமில்லை, அப்போது அந்த ஓய்வு தேவைப்பட்டது.

எம் புரதம் மட்டும் ஒன்பது நோட்டிலும் விடாமல் ஓடுகிறது. 3.9இல் தொடங்கி, மாற்று முடிந்தபின் 0.1க்கு வந்தது. அங்கேயே ஐந்து வருஷத்துக்குமேல் நின்றது. அது பூஜ்யம் ஆகவில்லையே என்று முதலில் ஏங்கியிருக்கிறேன், பிறகு அந்த 0.1ஐ வீட்டில் கூடவே இருக்கிற ஒருவர் மாதிரி ஏற்றுக்கொண்டேன். போன வருஷம் 0.2. பிறகு 0.3, மறுபடி 0.3. சென்ற மாதம் 0.4.

சர்வதேச வரையறைப்படி, எம் புரதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், மிகக் குறைந்திருந்த அளவிலிருந்து அது 25 சதவீதமாவது ஏறி, அந்த ஏற்றம் டெசிலிட்டருக்கு 0.5 கிராமாவது இருந்தால்தான் நோய் மறுபடி வளர்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது 0.6. இன்னும் அங்கே போகவில்லை. ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் மூன்றும் சரியாக இருக்கின்றன, ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதுதான் முக்கியம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கனமான வேலை என்று இதில் இருப்பவர்களுக்குத் தெரியும். நான் வரிசையைத் தாளில் வரைந்து காட்டினேன். அவர் அதைத் தன் கோப்பில் வைத்துக்கொள்ளக் கேட்டார்.

அடுத்த ரத்தம் வியாழக்கிழமை. பத்தாவது நோட்டு வந்துவிட்டது. நேற்று ராத்திரி கோடு போட உட்கார்ந்தபோது மனைவி அளவுகோலை வாங்கிக்கொண்டு தானே போட்டார். தேதி, மருந்து, நாடி, பொத்தான், எம் புரதம் என்று நான் சொல்லச் சொல்லத் தலைப்பு எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்தார். "நான் பார்த்தது" என்று.

இன்று காலை அதில் முதல் வரி ஏறியிருக்கிறது. "சட்டை போடும்போது இடது கையை இரண்டு தடவை உதறினார்."

எனக்குத் தெரியவே தெரியாது.